மின்முனையை எங்கே வைப்பது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதே முறை எனச் சிலர் கருதலாம். அப்பெருமையை அறிந்தமையால்தான் நம் முன்னோர் இக்கழகத்தைக் கண்டனர். அறிந்தவர் அவையில் அதனையே மீண்டும் கூறுவதைக் காட்டிலும், கற்ற ஒன்றை அனைவரும் உணருமாறு எடுத்துரைப்பதே கழகத்திற்கு நாம் செய்யும் சிறப்பு எனத் துணிந்தோம். ஆதலின் இன்று ஓர் அறிவியற் பொருளை எடுத்துக்கொண்டுள்ளோம். தலையைத் திறவாமல், மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு சிறு பகுதியை மட்டும் மின்சாரத்தால் தூண்டுவது எப்படி? அதற்கு மின்முனைகளைத் தலையின்மேல் எந்தெந்த இடங்களில் வைக்க வேண்டும்? இதுவே நம் பொருள்.

இது மருத்துவருக்கும் பொறியாளருக்கும் மட்டுமே உரிய கணக்கு எனத் தோன்றும். ஆயினும் இக்கணக்கின் அடியில், "யாருடைய தலையை அளந்து கணக்கிடுகிறீர்கள்?" என்னும் வினா ஒன்று உள்ளது. அவ்வினாவைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு. முதலில் அறிவியலை நோக்குவோம். பின்னர் வினாவிற்கு வருவோம்.

ஆழத்தில் உள்ள நோய்

மூளையின் மேற்பரப்பைப் பெருமூளைப் புறணி என்பர். நினைவுக்கும் உடல் அசைவுக்கும் இன்றியமையாத பல பகுதிகள் அப்புறணிக்குக் கீழே, உள்ளே புதைந்து கிடக்கின்றன. கடற்குதிரை வடிவில் அமைந்திருப்பதால் ஹிப்போகாம்பஸ் எனப் பெயர் பெற்ற பகுதி நினைவுகளைப் பதிய வைக்கிறது. அதற்கு அண்மையில் உள்ள சில நரம்பு முடிச்சுகள் உடல் அசைவை ஒழுங்கு செய்கின்றன. இவை கெடும்பொழுது மறதி நோயும் பார்க்கின்சன் நடுக்கமும் தோன்றுகின்றன.

இத்தகைய ஆழ்பகுதிகளை மின்சாரத்தால் தூண்டி நடுக்கத்தை அடக்கலாம் என்பதை, பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் என்னும் அறுவை மருத்துவர் 1987இல் காட்டினார். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இம்முறையை நடுக்க நோய்க்கு 1997இலும், பார்க்கின்சன் நோய்க்கு 2002இலும் ஏற்றது. பல்லாயிரவர் இதனால் நலம் பெற்றுள்ளனர். ஆயினும் இதற்கு மண்டையோட்டில் துளையிட வேண்டும். மெல்லிய கம்பியை மூளைக்குள் செலுத்த வேண்டும். மார்புத் தோலின்கீழ் மின்கலம் ஒன்றைப் பொருத்த வேண்டும். குருதிக் கசிவும் நோய்த் தொற்றும் நேரக்கூடிய இடர்கள். செலவோ பல இலட்சம் ரூபாய். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு அது எட்டாத உயரம்.

துளையிடாமல், தலைத்தோலின்மேல் இரு மின்முனைகளை வைத்து மின்னோட்டம் செலுத்தினால் ஆகாதா? ஆகும், ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, மின்னோட்டம் எளிய வழியையே நாடும். தலைத்தோல் மின்சாரத்தை நன்கு கடத்தும். மண்டையோடு மிகக் குறைவாகவே கடத்தும். ஆதலின் பெரும்பகுதி தோல் வழியாகவே ஓடிவிடுகிறது. இறந்தோர் உடல்களில் அளந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, செலுத்தப்பட்ட மின்னோட்டத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு தோலிலும் பிற மென்திசுக்களிலும் மண்டையோட்டிலுமே குன்றிவிடுவதாகக் காட்டியது. இரண்டாவது, எஞ்சி உட்புகும் மின்புலமும் மேற்பரப்பில் வலுவாகவும் ஆழத்தில் மெலிந்தும் இருக்கும். ஆழத்தைத் தூண்ட முயன்றால் மேற்பரப்பு அதனினும் மிகுதியாகத் தூண்டப்பட்டுவிடும்.

மூளைக்கு மின்சாரம் என்றதும் மின்னதிர்ச்சி மருத்துவத்தை எண்ணி அஞ்சுவோர் உளர். 1938இல் உரோம் நகரில் செர்லெட்டி, பினி ஆகியோர் தொடங்கிய அம்முறை, வலிப்பை உண்டாக்கும் நோக்கம் உடையது; அதில் செலுத்தப்படும் மின்னோட்டம் 800 மில்லி ஆம்பியர் அளவினது. நாம் இங்குக் கூறுவதோ சில மில்லி ஆம்பியர் அளவே. இரண்டும் வேறு வேறு.

விம்மல் என்னும் திறவுகோல்

மாணவர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவைகளைக் கையாண்டிருப்பர். நொடிக்கு 256 முறை அதிரும் கவையையும் 260 முறை அதிரும் கவையையும் ஒருங்கே ஒலித்தால், ஓசை ஏறியும் இறங்கியும் நொடிக்கு 4 முறை விம்முவதைக் கேட்கலாம். இரு அதிர்வெண்களின் வேறுபாடே விம்மலின் எண்ணிக்கை. இதனை இயற்பியலில் விம்மல்கள் என்று படிக்கிறோம்.

இதே விதி மின்சாரத்திற்கும் பொருந்தும். தலையின்மேல் இரண்டு இணை மின்முனைகளை வைப்போம். ஓர் இணையின் வழியே நொடிக்கு 2,000 முறையும், மற்றோர் இணையின் வழியே 2,010 முறையும் மாறும் மின்னோட்டங்களைச் செலுத்துவோம். நரம்புச் செல்லின் சவ்வு இத்துணை விரைவான மாற்றத்தைப் பின்தொடர இயலாது. மின்புலம் ஒரு திசையில் இழுத்ததற்குச் செல் மறுமொழி தரும் முன்னரே, புலம் எதிர்த் திசைக்கு மாறிவிடுகிறது. ஆதலின் தனித்தனியே இவ்விரு மின்னோட்டங்களாலும் செல் எளிதில் தூண்டப்படுவதில்லை. ஆனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மின்புலம் நொடிக்கு 10 முறை விம்முகிறது. நொடிக்கு 10 என்பது செல் பின்தொடரக்கூடிய வேகம்.

அவ்விம்மலைச் செல் எவ்வாறு பிரித்து உணர்கிறது? வானொலிப் பெட்டியை நினைவில் கொள்க. வானலையின் விரைந்த அதிர்வின்மேல் ஏறிவரும் பேச்சொலியை, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தைச் செல்லவிடும் உறுப்பு பிரித்தெடுக்கிறது. நரம்புச் செல்லின் சவ்வில் உள்ள அயனி வாயில்களும், இழுப்புக்கும் தள்ளலுக்கும் சமமாக மறுமொழி தருவதில்லை. அச்சமனின்மையே விம்மலைப் பிரித்தெடுக்க உதவுவதாக ஆய்வாளர் விளக்குகின்றனர்.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. ஆஸ்திரியாவைச் சேர்ந்த நெமெக் என்பவர் 1950களிலேயே, ஏறத்தாழ 4,000 அதிர்வுகள் கொண்ட இரு மின்னோட்டங்களைக் குறுக்காகச் செலுத்தித் தசைவலியைத் தணிக்கும் முறையைப் புகுத்தினார். முழங்கால் வலிக்கு இயன்முறை மருத்துவரிடம் சென்றோர், முட்டியைச் சுற்றி நான்கு பட்டைகளை வைத்துத் தரும் ஐ.எஃப்.டி. என்னும் மின் சிகிச்சையைக் கண்டிருப்பர். அதுவே இது. அதனை மூளையின் ஆழத்திற்குக் கொண்டுசென்றமையே புதுமை. நிர் கிராஸ்மன், எட்வர்ட் பாய்டன் முதலியோர் 2017இல் 'செல்' என்னும் ஆய்விதழில் இதனை வெளியிட்டனர். சுண்டெலியின் தலையில் இவ்வாறு மின்னோட்டம் செலுத்தியபொழுது, ஆழத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் செல்கள் தூண்டப்பட்டன. அதற்கு மேலே உள்ள புறணிச் செல்கள் தூண்டப்படவில்லை.

இரு மாடுகளும் ஒரு நுகமும்

இனி மின்முனைகளை எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். இதற்கு விம்மலின் வலிமையை அளக்கும் விதியை அறிதல் வேண்டும்.

ஓரிடத்தில் முதல் மின்புலத்தின் அளவு 5 எனவும், இரண்டாம் மின்புலத்தின் அளவு 1 எனவும் கொள்வோம். இரண்டும் ஒரே திசையில் அமைந்தால், கூட்டுப்புலம் பெருகும்பொழுது 6 ஆகவும், குறையும்பொழுது 4 ஆகவும் இருக்கும். ஏற்ற இறக்கத்தின் அளவு 2. மற்றோரிடத்தில் இரு புலங்களும் 3, 3 எனச் சமமாக உள்ளன எனக் கொள்வோம். அங்குக் கூட்டுப்புலம் 6 வரை ஏறிப் பூச்சியம் வரை இறங்கும். ஏற்ற இறக்கம் 6. இரண்டு இடங்களிலும் மொத்தம் 6 தான். ஆயினும் விம்மலோ மும்மடங்கு வேறுபடுகிறது.

ஆகவே விம்மலின் வலிமை என்பது, இரு புலங்களுள் மெலிந்ததன் இரு மடங்கு. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு எத்துணை விரைவாக இழுத்தாலும், வண்டி மெதுவான மாட்டின் நடையிலேதான் செல்லும். அதுபோல ஓர் இணையின் மின்னோட்டத்தை மட்டும் உயர்த்துவதால் பயனில்லை. இலக்கான இடத்தில் இரு புலங்களும் சமமாகவும், ஒரே திசையிலும், இயன்ற அளவு வலுவாகவும் அமையுமாறு முனைகளை வைக்க வேண்டும். திசை மாறுபட்டால் விம்மல் குன்றும். அன்றியும், நரம்பு இழை எத்திசையில் ஓடுகிறதோ அத்திசையில் அமைந்த புலமே அதனை நன்கு தூண்டும்.

இதில் மற்றொரு வசதியும் உண்டு. ஒரு தெருவின் இரு முனைகளிலும் விளக்குகள் எரிகின்றன. இரண்டும் ஒத்த ஒளியுடையனவாயின் ஒளி சமமாகும் இடம் நடுத்தெரு. ஒன்றின் ஒளியை மிகுத்தால், சமமாகும் இடம் மங்கிய விளக்கை நோக்கி நகரும். அவ்வாறே ஓர் இணையின் மின்னோட்டத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்தால், விம்மல் மிகும் இடம் குறைந்த மின்னோட்டமுள்ள இணையை நோக்கி நகர்கிறது. மின்முனைகளைப் பெயர்க்காமலே இலக்கை நகர்த்தலாம் என்பதைச் சுண்டெலி ஆய்விலேயே காட்டினர்.

கணக்கின் பெருக்கம்

மனிதத் தலை சுண்டெலியின் தலையினும் மிகப் பெரியது. இலக்கோ மிக ஆழத்தில் உள்ளது. எனவே கண்மதிப்பால் முனைகளை வைத்தல் இயலாது. முதலில் காந்த ஒத்ததிர்வுப் படத்தால் தலையின் உள்ளமைப்பைப் படம் பிடிக்கின்றனர். அப்படத்தைத் தோல், மண்டையோடு, மூளையைச் சூழ்ந்த நீர், சாம்பல்நிறப் பகுதி, வெண்ணிறப் பகுதி எனப் பிரிக்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் அதன் மின் கடத்துதிறனைத் தருகின்றனர். ஆய்வாளர் பெரிதும் கையாளும் மதிப்புகள் மீட்டருக்கு இத்தனை சீமன்ஸ் என்னும் கணக்கில், தோலுக்கு 0.465, மண்டையோட்டுக்கு 0.01, மூளை நீருக்கு 1.65 என்பனவாகும். மண்டையோட்டுக்கும் அதற்குச் சற்றே உள்ளிருக்கும் நீருக்கும் இடையே 165 மடங்கு வேறுபாடு இருப்பதை நோக்குக. பின்னர்த் தலை முழுவதையும் இலட்சக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் மின்புலம் எவ்வளவு, எத்திசை என்பதைக் கணினியால் தீர்க்கின்றனர்.

தலையில் 64 இடங்களில் முனை வைக்கலாம் எனக் கொள்வோம். அவற்றுள் 4 இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 6,35,376. நான்கையும் இரண்டு இணைகளாகப் பிரிக்க 3 வழிகள். ஆக 19,06,128 அமைப்புகள். ஒவ்வொன்றிலும் இரு மின்னோட்டங்களின் விகிதத்தை 19 படிகளில் மாற்றிப் பார்த்தால், 3 கோடியே 62 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகள் எழுகின்றன. ஒவ்வொன்றையும் அடியிலிருந்து தீர்ப்பதெனில் கணினியும் களைத்துப்போகும். இங்கு ஓர் எளிய தத்துவம் துணை வருகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் புலமும் இரு மடங்காகும். இரண்டு மூலங்கள் தரும் புலங்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே ஒரு முனையைப் பொதுவாகக் கொண்டு, எஞ்சிய 63 முனைகளுக்கும் ஒவ்வொரு முறை தீர்த்து வைத்துக்கொண்டால் போதும். ஏனைய அமைப்புகள் அனைத்தும் கூட்டல் கழித்தலால் கிடைத்துவிடும்.

எனினும் சிறந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. மேலே கூறிய 'மெலிந்ததே ஆளும்' என்னும் விதியால், இக்கணக்கு ஒரே சிகரம் உடைய மலையாக இல்லாமல், பல குன்றுகள் நிறைந்த மலைத்தொடராக அமைகிறது. ஒரு குன்றின் உச்சியை அடைந்தவர், அதுவே உயர்ந்தது என மயங்கிவிடக்கூடும். ஆகவே பல இடங்களிலிருந்து தொடங்கித் தேடும் முறைகளைக் கணித அறிஞர் வகுத்துள்ளனர்.

'சிறந்தது' எது என்பதிலும் தெளிவு வேண்டும். இலக்கில் விம்மல் வலுவாக இருக்க வேண்டும் என்பது ஒரு நோக்கம். இலக்குக்கு வெளியே அது மெலிந்திருக்க வேண்டும் என்பது மற்றொரு நோக்கம். இவை ஒன்றோடொன்று முரணும். வலிமையைக் கூட்டினால் கூர்மை குறையும். கூர்மையை நாடினால் வலிமை குன்றும். இடர் நேராமல் காக்க மின்னோட்டத்திற்கு வைத்துள்ள வரம்பையும் மீறுதல் ஆகாது. இம்மூன்றையும் எடைபோட்டே முடிவு காண வேண்டும்.

பெற்றதும் பெறாததும்

2023ஆம் ஆண்டு 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் இரு மனித ஆய்வுகள் வெளிவந்தன. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்தோர், 2,000, 2,005 என்னும் அதிர்வெண்களைக் கொண்டு ஹிப்போகாம்பஸைத் தூண்டினர். முதலில் இறந்தவர் ஒருவரின் தலையில் புலத்தை அளந்து சரிபார்த்தனர். பின்னரே நலமுள்ள தன்னார்வலரிடம் சென்றனர். முகத்தையும் பெயரையும் இணைத்து நினைவில் வைக்கும் பயிற்சியில், தூண்டலின்பொழுது அப்பகுதியின் செயற்பாடு மாறியதையும், நினைவின் துல்லியம் ஓரளவு கூடியதையும் கண்டனர். சுவிட்சர்லாந்தைச் சார்ந்த குழுவினர், அசைவுக்குரிய ஆழ்பகுதியைத் தூண்டிக் கைத்திறன் கற்றலில் முன்னேற்றம் கண்டனர்.

மகிழத்தக்க செய்திகளே. ஆயினும் மிகைப்படுத்துதல் அறிவியலாகாது. பாதுகாப்பான மின்னோட்டத்தில் மனித மூளையின் ஆழத்தில் கிட்டும் புலம் மீட்டருக்கு 1 வோல்ட்டுக்கும் குறைவு என்பதை 2019இல் வெளிவந்த கணிப்பாய்வு உணர்த்தியது. உறங்கும் செல்லை எழுப்ப அது போதாது. இயங்கும் செல்லின் தாளத்தைச் சற்றே ஒழுங்கு செய்யவே போதும். இலக்கில் கிட்டும் வலிமையில் இம்முறை, பல முனைகள் கொண்ட பழைய முறைகளை விஞ்சுவதில்லை என்பதும் கணிப்பால் அறியப்பட்டது. ஆழ்பகுதியைக் கூர்மையாகக் குறிவைப்பதில்தான் இதன் சிறப்பு. இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. நோய்க்கு மருந்தாக ஏற்கப்பட்டதன்று. மின்கலத்தையும் கம்பியையும் கொண்டு வீட்டில் எவரும் இதனை முயலுதல் கூடாது. "மூளைக்கு மின்சாரம் கொடுத்து மறதியைப் போக்குவோம்" எனக் கூறிப் பணம் பறிப்போர் வந்தால், அவர்களை நம்புதலும் கூடாது.

யாருடைய தலை?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுத்துக் கணக்கிடுவது செலவுடையது. ஆகவே பல ஆய்வுகளில் ஒரு பொதுத் தலையை வைத்துக் கணக்கிட்டு, அதில் கண்ட இடங்களையே எல்லோர் தலையிலும் குறிக்கின்றனர். அப்பொதுத் தலை எங்கிருந்து வந்தது? பெரிதும் வழங்கும் ஒன்று, கனடாவின் மாண்ட்ரீல் நரம்பியல் நிலையத்தில் 152 பேரின் படங்களைச் சராசரியாக்கிப் பெற்றது. மற்றொன்று, ஒரே மனிதரை 27 முறை படமெடுத்துச் சேர்த்தது. அவர் தலை, உலகத்தார் பலரின் தலைக்கு அளவுகோலாயிற்று!

தலைக்குத் தலை மண்டையோட்டின் தடிப்பு மாறும். மூளையைச் சூழ்ந்த நீரின் அளவு மாறும். முதுமையில் மூளை சுருங்க, நீர் பெருகும். மடிப்புகளின் போக்கு மாறும். ஓரிடத்தில் சமமாக அமைந்த இரு புலங்கள், மற்றொருவர் தலையில் சமமாக அமையா. மெலிந்ததே ஆளும் என்பதால், ஒன்று சற்றே குன்றினாலும் விம்மல் முழுவதும் குன்றும். முனைகளை வைப்பதில் 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட துல்லியம் வேண்டும் என்று இத்துறையினர் வற்புறுத்துவர். பிறர் தலைக்குத் தைத்த தொப்பி நம் தலைக்குப் பொருந்தாதது போலவே, பிறர் தலைக்குக் கண்ட கணக்கும் நமக்குப் பொருந்தாது.

கணக்கில் மட்டுமன்று, கருவியிலும் இக்குறை உண்டு. மின்முனை தோலோடு ஒட்டியிருந்தால்தான் பயன். அடர்ந்து சுருண்ட கூந்தலின்மேல் வழக்கமான முனைகள் சரிவர ஒட்டுவதில்லை. அதனால் மூளை மின்னலை ஆய்வுகளில் கறுப்பின மக்கள் பலர் விலக்கப்பட்டனர். அவர்களைப் பற்றிய தரவும் குறைந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆர்னெல் எட்டியேன் என்னும் கறுப்பின மாணவி இக்குறையைக் கண்டார். தம் மக்கள் கூந்தலை வரிவரியாகப் பின்னும் மரபையே பயன்படுத்தி, பின்னல்களுக்கு இடையே செருகி நிற்கும் புது வகை மின்முனையைத் தம் குழுவினரோடு உருவாக்கி 2020இல் வெளியிட்டார். தலையைக் குறை கூறாமல் கருவியைத் திருத்தினார் அவர். அதே 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, விரலில் மாட்டிக் குருதியின் ஆக்சிசனை அளக்கும் கருவி, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பின நோயாளரிடம் ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாகக் குறைபாட்டைக் காணத் தவறுவதை வெளிப்படுத்தியது. யார் அளக்கப்படவில்லையோ, அவருக்கே கருவி பிழை செய்கிறது.

அளவையின் இரு முகங்கள்

'தலையை அளத்தல்' என்றதும் நம் நெஞ்சு சற்றே துணுக்குறும். அதற்குக் காரணம் உண்டு. ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி 1891இல் தலையும் மூக்கும் அளந்து நூல்கள் வெளியிட்டார். மூக்கின் அகலம் கூடக் கூடச் சமூகப் படி தாழும் என எழுதினார். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்புக்கு அவரே ஆணையராக இருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கார் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களை அளவைக் கோலால் அளந்தார்; அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. அன்று அளக்கப்பட்டோரிடம் எவரும் இசைவு பெற்றதாகத் தெரியவில்லை. அளவை அவர்களுக்கு எந்நலமும் தரவில்லை, தாழ்வைத்தான் தந்தது.

அவ்வளவைகளுக்கு மறுமொழி தந்தவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதார் யார் என்பதை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில், அதே மூக்களவைப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனத்தவர் அல்லர் என்பதை அவற்றாலேயே நிறுவினார். அளவையைக் கண்டு அவர் ஒதுங்கவில்லை. கணக்கைக் கற்று, கணக்கினாலேயே பொய்யை வென்றார். நமக்கு அதுவே வழிகாட்டி.

ரிஸ்லி செய்த பிழை யாது? ஒரு மனிதரைக் காணாமல், அவருடைய கூட்டத்தின் சராசரியைக் கண்டார். அச்சராசரியைத் தகுதியின் படியாக்கினார். மின்முனைக் கணக்கு நமக்குக் கற்பிப்பது இதற்கு நேர்மாறானது. ஒருவருடைய இனமோ சாதியோ அவருடைய மண்டையோட்டின் தடிப்பைச் சொல்லாது. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியருக்கும் அது ஒன்றாயிராது. ஐதராபாத்தில் உள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 100 இந்தியரின் படங்களைக் கொண்டு இந்திய மூளை வரைபடம் ஒன்றை 2019இல் உருவாக்கினர். மாண்ட்ரீல் சராசரிக்கு அஃது ஒரு நல்ல துணையே. ஆயினும் இந்தியச் சராசரியும் சராசரியே. அதுவும் நம் ஒவ்வொருவரின் தலை ஆகாது. தலையின் அளவு மின்னோட்டம் செல்லும் வழியைச் சொல்லும். அறிவையோ தகுதியையோ சொல்லாது. ஆதலின் நாம் வேண்டுவது, நம் கூட்டத்திற்கென ஒரு தனிச் சராசரியை அன்று. எவர் நோயுற்றாரோ அவருடைய தலையையே அளந்து, அவருக்கே உரிய இடத்தில் முனையை வைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். செல்வருக்கு அவர் தலைக்கு ஏற்ற கணக்கும், ஏழைக்குப் பொதுத் தலைக் கணக்கும் என்று ஆகிவிடுமாயின், பழைய படிநிலையே புதிய உடையில் வந்து நிற்கும்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, நம் மாணவர் கணிதத்தையும் இயற்பியலையும் கண்டு அஞ்சலாகாது. இன்று நாம் கண்டவை யாவும் பள்ளிப் பாடத்தின் வளர்ச்சியே. இசைக்கவையின் விம்மல், ஓமின் விதி, திசையன்களின் கூட்டல், நான்கைத் தேர்ந்தெடுக்கும் சேர்மானக் கணக்கு ஆகிய இவையே அடித்தளம். தலையில் மின்புலத்தைக் கணிக்கும் 'சிம்நிப்ஸ்' என்னும் கணினி நிரல் விலையின்றிக் கிடைக்கிறது. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் அதனை இறக்கிக்கொண்டு, மாதிரித் தலையில் முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். நம் கழக நூலகத்தில் ஒரு கணினியை இதற்கென ஒதுக்கினால், அதுவே சிறந்த வெள்ளி விழா நினைவுச் சின்னமாகும் எனத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, மருத்துவ ஆய்வுகளுக்கு நம் மக்களை அழைத்தால், அறியாமல் உட்படுதலும் கூடாது. அஞ்சி ஒதுங்குதலும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், சமூகத்தாலும் பொருளாலும் நலிவுற்றோருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என வலியுறுத்துகின்றன. என்ன செய்கிறார்கள், என்ன இடர் உண்டு, இடையில் விலகலாமா என்பவற்றைத் தமிழில் கேட்டறிந்த பின்னரே கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் இடும் இடத்தில் படித்த பிள்ளை ஒருவர் உடனிருத்தல் நலம். அறிந்து கலந்துகொள்வதால்தான் நம் தலைகளும் கணக்கில் சேரும். விலகியே நின்றால், நாளைய கருவியும் நம்மை அறியாமலே உருவாகும்.

மூன்றாவது, அளக்கப்படுவோராக மட்டும் நாம் இருந்துவிடுதல் போதாது. அளப்போரும் நம்மிலிருந்து வரவேண்டும். அளவைக்கோலைப் பிடித்த கை எது என்பதைப் பொறுத்தே அளவையின் பயன் அமைகிறது. தர்ஸ்டனின் கோலுக்கு முன் நின்றவரின் கொள்ளுப் பேத்தி, நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் மின்முனையைக் கையில் ஏந்தி, "அம்மா, உங்கள் தலைக்கு இது எங்கே பொருந்தும் என்று பார்க்கிறேன்" என்று ஒரு நோயாளியிடம் கூறும் நாள் வரவேண்டும். அந்நாளை ஆக்கும் பணியே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றிவரும் பணி. அப்பணி பொன் விழாவும் காண்பதாகுக.